கோப்பையும் கேள்வியும்: பாட்டிலில் மூத்த சிவப்பு ஒயின்

கபர்னே திராட்சை பற்றிப் போன இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, ஆண்டுக்கணக்காகப் பாட்டிலிலேயே கிடந்த சிவப்பு ஒயினைப் பற்றியவை. இந்த மாதப் பகுதி முழுக்க அவற்றுக்கே.

நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ற் முதலாளி ஓய்வு பெறும்போது 1996ஆம் ஆண்டு போயாக் போத்தல் ஒன்று தந்தவர். அவருடைய நிலவறையில் இத்தனை வருசமும் படுக்க வைத்திருந்தது. வீட்டில் நாங்கள் ஆறு பேர். பழைய வைன் யாரும் குடித்ததில்லை. எப்படித் திறக்க வேணும், எப்படிச் சுவைக்க வேணும்? சாதாரண வைன் மாதிரிக் குடித்தால் வீணாகிப் போய்விடுமோ?
— லா கூர்நெவ், பிரான்ஸ்

நல்ல பாட்டிலாகத்தான் தெரிகிறது. 1996, பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் இருக்கும் மெடோக் பகுதியில் கபர்னே சோவினியோனுக்கு வாய்த்த ஆண்டு. மெடோக்கின் ஓர் ஊரான போயாக்கின் ஒயினில் அந்தத் திராட்சைதான் பெரும்பங்கு. அதைவிட முக்கியம், ஒரே நிலவறையில் அசையாமல் கிடந்தது. பேர்பெற்ற ஆண்டா, நல்ல நிலவறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாங்கள் நிலவறையைத்தான் தேர்ந்தெடுப்போம்.

மெட்ரோவிலோ காரிலோ வந்த குலுக்கலில் அடிவண்டல் கலங்கியிருக்கும். ஒரு வாரமாவது படுக்க வைத்து மறந்துவிடுங்கள். குடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மெதுவாக நிமிர்த்தி நிறுத்துங்கள். பக்கவாட்டில் படிந்த வண்டல் சரிந்து அடியில் இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பரிமாறும்போது 16 முதல் 18 டிகிரி இருக்கட்டும். ஹீட்டர் போட்ட வீட்டின் 22 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் முந்திக்கொள்ளும். அதை மூடி மறைக்க இந்த வயதில் பழச்சுவை அதிகம் மிச்சமிருக்காது. ஃபிரிட்ஜில் நிமிர்ந்தபடியே அரை மணி நேரம் வைத்தால் போதும். கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் ஆடும்.

திறப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூடியுறையைப் பாட்டில் வாயின் உதட்டுக்குக் கீழே சுற்றி வெட்டி எடுங்கள். தக்கையின் மேல் கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் பயப்பட வேண்டாம், ஈரமான நிலவறையில் அது சகஜம். ஈரத்துணியால் வாயை நன்றாகத் துடையுங்கள். (1990களின் தொடக்கம் வரை பல பாட்டில்களுக்கு ஈயத்தகட்டு உறை போட்டார்கள். அந்தக் காலத்துப் பாட்டில் என்றால் இந்தத் துடைப்பு சுத்தத்துக்காக மட்டும் அல்ல.) மெடோக் தக்கை நீளமானது, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். இருபத்தைந்து ஆண்டு தாண்டிய தக்கையின் கீழ்ப்பாதி ஒயினில் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். சாதாரணத் திருகாணியால் வெடுக்கென்று இழுத்தால் பாதியில் முறியும். இரட்டைத் தகடு கொண்ட திறப்பான் ஒன்று இருக்கிறது, கடையில் ‘ஆ-ஸோ’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி அழுத்தி இறக்கி, பிறகு முறுக்கியபடியே மேலே தூக்க வேண்டும். தகடு இறங்கும்போது தக்கையும் கூடவே உள்ளே போகிறதென்றால் உடனே நிறுத்திவிட்டுத் திருகாணிக்கு மாறுங்கள். தளர்ந்த தக்கைக்கு ஆ-ஸோ ஆகாது. முறிந்துவிட்டால் மீதித் துண்டில் திருகாணியைச் சாய்வாக ஏற்றுங்கள். உள்ளேயே விழுந்துவிட்டாலும் குடி முழுகிப் போகாது, மெல்லிய மஸ்லின் துணி வழியாக ஊற்றிக்கொள்ளலாம்.

முதலில் 30 மி.லி. மட்டும் ஊற்றி நீங்கள் முகர்ந்து பாருங்கள். பாட்டில் 750 மி.லி.; வண்டலோடு 50 மி.லி. அடியில் நின்றுவிடும். ஆறு பேருக்கு ஆளுக்குச் சுமார் 115 மி.லி. வரும். பெரிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது, அது நல்லதுதான்.

கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். நடுவில் நிறம் எவ்வளவு அடர்த்தி, விளிம்பில் என்ன நிறம், தண்ணீர்போல் வெளுத்த ஓரம் எவ்வளவு அகலம் என்று கவனியுங்கள். இளம் போயாக்கின் விளிம்பு நாவற்பழ நிறத்தில் இருக்கும். உங்கள் பாட்டிலில் நடுவில் மாதுளைச் சிவப்பும் ஓரத்தில் செங்கல் நிறமும் தெரிய வேண்டும். நடு முதல் ஓரம் வரை பழுப்பேறி, பளபளப்பும் போயிருந்தால் மூக்கைக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே வையுங்கள்.

கோப்பையைச் சுழற்றாமல் முகருங்கள். இளம் ஒயினைச் சுழற்றிச் சுழற்றி முகர்ந்த பழக்கத்தில் பழையதையும் சுழற்றிவிடுகிறோம். மெல்லிய வாசனைகள் அந்த முதல் அரை நிமிடத்திலேயே பறந்துவிடும். திறந்த உடனே ஒருவித அடைசல் வாடை வரலாம். காற்றில்லாமல் இத்தனை காலம் மூடிக்கிடந்ததால் வருவது அது, ஐந்து பத்து நிமிடத்தில் விலகும். பிறகு ஒரே ஒரு சுற்று, மெதுவாக. பச்சைப் பிளாக்கரண்ட் பழத்தின் இடத்தில் இப்போது உலர்ந்த பிளம், அத்தி. அதோடு தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, சீவிய பென்சில். இந்த மூன்றும் போயாக்கின் முத்திரை என்றே சொல்லலாம். பதப்படுத்திய தோல், காய்ந்த புகையிலை, மழைக்குப் பிந்தைய காட்டுத்தரை, காளான் எல்லாம் வரலாம். சிலவற்றில் லேசான புதினா மணம் எழும். மூத்த போர்தோவில் வரும் அந்தப் புதினா வாசனைக்குப் பைப்பரிட்டோன் என்ற சேர்மத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்று போர்தோ ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் எத்தனை வாசனை பிடிபட்டது என்பது பெரிய விஷயம் இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவை எல்லாவற்றுக்கும் அடியில் பழம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒயின் மூத்திருக்கிறது. காளானும் உதிர்ந்த இலையும் மட்டுமே என்றால் காலம் கடந்துவிட்டது.

வாயில் 10, 15 மி.லி. எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, எட்டுப் பத்து நொடி வைத்திருங்கள். துவர்ப்பைப் பல்லீறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேடுங்கள். இளமையில் ஈறைச் சுரண்டிய துவர்ப்பு இப்போது மெல்லிய பொடியாக மட்டும் தெரிய வேண்டும். நடுவாயில் சதைப்பற்று இருக்கிறதா, அல்லது தொடக்கமும் முடிவும் மட்டும் இருந்து நடுவில் ஓட்டையா என்று பாருங்கள். புளிப்பு பழத்தோடு சேர்ந்து வருகிறதா, தனியாக நிற்கிறதா? ஒயினில் புளிப்பு வயதோடு பெரிதாகக் கூடுவதில்லை, அதை மூடியிருந்த பழம்தான் குறைகிறது. விழுங்கியபின் வாசனை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரான்ஸில் இதற்கு ‘கோதலி’ என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு நொடிக்கு ஒரு கோதலி. பத்தைத் தாண்டினால் நல்ல ஒயின். எண்ண வேண்டியது வாசனையை, புளிப்பையோ துவர்ப்பையோ அல்ல. அவை எந்தச் சாதாரண ஒயினிலும் நெடுநேரம் நிற்கும்.

கடைசியாக, ஒரே மடக்கில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஊற்றியதும் ஒருமுறை, கால் மணி கழித்து ஒருமுறை, முக்கால் மணி கழித்து ஒருமுறை சுவைத்து எழுதி வையுங்கள். ஏறிக்கொண்டே போகிறதென்றால் நிதானமாகக் குடிக்கலாம். பழம் பின்வாங்கிப் புளிப்பு முன்னால் வரத் தொடங்கினால் பேச்சைக் குறைத்துக்கொண்டு கோப்பையைக் காலி செய்வதே உத்தமம்.

அடியில் இருக்கும் வண்டல் உடம்புக்குக் கெடுதலா?
— மதுரை

இல்லை. நிறமியும், துவர்ப்பைத் தரும் டானினும் சேர்ந்து திரண்ட படிவு அது. கசக்கும், நாக்கில் நறநறக்கும், அவ்வளவுதான். தக்கையின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுவது டார்ட்டாரிக் அமில உப்பு, அதுவும் தீங்கில்லை.

பழைய ஒயினை மூன்று மணி நேரம் டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூச்சுவிட விட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். ஊற்றவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— லண்டன்

மூன்று மணி நேர நண்பர் இளம் ஒயினுக்கான விதியைப் பழைய ஒயினுக்குப் போடுகிறார். ஐந்து வயது பரோலோவுக்கோ (துவர்ப்பு மிகுந்த இத்தாலியச் சிவப்பு ஒயின்) இளம் மெடோக்குக்கோ அது பொருந்தும். முப்பது வயதுக்காரரை மூன்று மணி நேரம் காற்றில் விட்டால் உங்கள் கோப்பைக்கு வருவது மிச்சம் மீதிதான்.

போர்தோவின் பெரிய ஒயின் விஞ்ஞானி எமில் பெய்னோ இந்த விஷயத்தில் கறாரானவர். வண்டல் இருந்தால் மட்டும் தெளிந்த ஒயினை வேறு பாத்திரத்தில் இறுத்து ஊற்ற வேண்டும், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. காற்றால் வருவது பெரும்பாலும் நட்டமே என்றார். நாங்களும் பழைய பாட்டில்களைப் பொறுத்தவரை அதே பக்கம். ஒரு சலுகை மட்டும் உண்டு: முதல் முகர்வில் அடைசல் வாடை அடித்து, பத்து நிமிடத்தில் விலகவில்லை என்றால், இறுத்துக் கால் மணி காத்திருக்கலாம்.

இறுத்து ஊற்றும் முறை இதுதான். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோ கைபேசி விளக்கோ இருக்கட்டும். மெழுகுவர்த்தி என்றால் சூடு படாத தூரத்தில். பாட்டிலை ஒரே சீராகச் சாய்த்து, நடுவில் நிமிர்த்தாமல், ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் உள்ளே அலை திரும்பி வண்டலைக் கிளப்பும். மெல்லிய கரும்புகை இழை தோளிலிருந்து கழுத்துக்குள் நுழைவது வெளிச்சத்தில் தெரியும். அதைக் கண்டதும் கை நின்றுவிட வேண்டும். அகன்ற அடிப்பாகம் கொண்ட டிகாண்டர் வேண்டாம். ஒயினின் மேற்பரப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. கழுவிய காலி ஒயின் பாட்டிலே போதும்.

பினோ நுவார் திராட்சையில் செய்யும் பழைய பர்கண்டிச் சிவப்பு ஒயினை இறுத்து ஊற்றாமல், நிமிர்த்தியே வைத்திருந்து நேராகக் கோப்பையில் ஊற்றுவோர் அதிகம். பினோ நுவாரில் வண்டலும் குறைவு, தாங்கும் சக்தியும் குறைவு.

வேதியியல் படிக்கிறேன். மூடிய பாட்டிலுக்குள் ஒயின் எப்படி நிறமும் சுவையும் மாறுகிறது? காற்று உள்ளே போகிறதா?
— திருச்சி

தக்கை வழியாக ஆண்டுக்கு ஓரிரு மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் நுழைகிறது. அது போதும். ஆனால் ஆக்சிஜன் இல்லாமலும் நடக்கும் வினைகள் பல.

திராட்சைத் தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின்கள்தான் இளம் ஒயினின் ஊதாச் சிவப்பு. தனித்த ஆந்தோசயனின் நிலையற்றது. அதில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே காணாமல் போகும். ஒரு பங்கு சிதையும். இன்னொரு பங்கு டானினோடு பிணைந்து, செங்கல் நிறத்துக்கு நெருங்கிய, உறுதியான நிறமிகளாகும். இந்தப் பிணைப்புக்குச் சில இடங்களில் பாலமாக நிற்பது, எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் அசெட்டால்டிஹைடு. பெரிதாகத் திரண்டவை கரைசலில் நிற்க முடியாமல் கீழே விழுந்து வண்டலாகின்றன.

டானின் சங்கிலி நீண்டு நீண்டு கடைசியில் படிந்துவிடுகிறது, அதனால் துவர்ப்பு குறைகிறது என்பது பாடப்புத்தக விளக்கம். பாதி உண்மைதான். ஒயினின் அமிலத்தில் சங்கிலிகள் அறுபடவும் செய்கின்றன, அறுந்த முனைகள் வேறு மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. துவர்ப்பு என்பது டானின் நம் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டி அவற்றைத் திரளச் செய்வதால் வரும் வறட்சி. உருமாறிய டானின் முன்போல் அவ்வளவு ஒட்டுவதில்லை.

வாசனைப் பக்கம், புளிக்கும்போது உண்டான பழவாசனை எஸ்டர்களில் பல தண்ணீரோடு வினைபுரிந்து குறைகின்றன. டைமெத்தில் சல்ஃபைடு மெல்ல மெல்லக் கூடுகிறது. குறைந்த அளவில் அது டிரஃபிள் காளான், கறுப்பு ஆலிவ் வாசனைகளுக்குத் துணை நிற்கும். அளவு மீறினால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை.

375 மி.லி. அரைப் பாட்டில் சீக்கிரம் மூப்பதும், ஒன்றரை லிட்டர் மேக்னம் மெதுவாக மூப்பதும் ஏன் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். கழுத்தும் தக்கையும் கிட்டத்தட்ட அதே அளவு, உள்ளே இருக்கும் ஒயின்தான் நான்கு மடங்கு.

மூத்த ஒயினில் காளான், ஈர மண், தோல் வாசனை எல்லாம் வரும் என்கிறீர்கள். கெட்டுப்போன ஒயினிலும் பூஞ்சை, ஈரம், லாயம் என்றுதானே சொல்கிறார்கள்? எப்படிப் பிரித்தறிவது?
— டொரன்டோ

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் இது.

தக்கைக் கெடுதி என்பது 2,4,6-டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மத்தால் வருவது. சுருக்கமாக டி.சி.ஏ. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஈரமான அட்டைப்பெட்டி, அடைத்துக் கிடந்த நிலவறை மாதிரியான வாடை. காளான் வாசனையிலிருந்து அதைப் பிரிக்க நேரத்தைப் பயன்படுத்துங்கள். காட்டுத்தரை வாசனை பத்து நிமிடத்தில் மாறும். அதனடியிலிருந்து தோல், புகையிலை, பழம் என்று ஏதாவது எழும். டி.சி.ஏ. மாறாது, காற்றுப்பட்டால் இன்னும் துலக்கமாகும். இன்னொரு அறிகுறி, அது மற்ற வாசனைகளை அமுக்கிவிடும். மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது அட்டை வாடையே தெரியாது. ஒயின் வெறுமையாக, ஊமையாக இருக்கும். “வயசாகிவிட்டது” என்று தள்ளிவைக்கப்படும் பாட்டில்களில் சில உண்மையில் இந்த ரகம். அதே ஒயினில் இன்னொரு பாட்டில் இருந்தால் திறந்து ஒப்பிடுங்கள். தக்கையை முகர்ந்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள், வாடையடிக்கும் தக்கைக்குக் கீழே நல்ல ஒயின் இருப்பதுண்டு.

லாய வாடை பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. 4-எத்தில்ஃபீனால் முதலியவற்றை அது உண்டாக்கும். பதப்படுத்திய தோல் வாசனை இனிமையாக இருக்கும். இது வியர்த்த குதிரை, மருத்துவமனைப் பிளாஸ்டர். பழைய போர்தோவில் கொஞ்சம் இருந்தால் ரசிப்பவர்களும் உண்டு, துளியும் சகிக்காதவர்களும் உண்டு. எங்கள் அளவுகோல், பழத்தை மறைத்தால் குறை, மறைக்காவிட்டால் குணம். ஒயினின் முடிவில் உலோகச் சுவையும் வறட்சியும் வந்தால் அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை எத்தில் அசிட்டேட். வினிகர் நெடி அசெட்டிக் அமிலம். பழைய ஒயினில் ஓரளவு சகஜம். தொண்டையில் சுடும் அளவுக்கு ஏறினால் ஒயின் போய்விட்டது. வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள், காய்ந்த வால்நட், ஷெர்ரி வாசனை வந்தால் ஆக்சிஜனேற்றம். அதை நிறம் முன்கூட்டியே சொல்லியிருக்கும்.

சூட்டில் வெந்த ஒயின் வேறு மாதிரி. பழம் இருக்கும், ஆனால் ஜாம் காய்ச்சிய பழம். வாசனை ஒன்றே ஒன்றாக, தட்டையாக இருக்கும். வாயில் நடுப்பகுதியே இருக்காது.

புதுச்சேரியில் பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சாதாரண போர்தோ பாட்டில் அலமாரியில் இருக்கிறது. இப்போது நன்றாக மூத்திருக்குமா?
— புதுச்சேரி

மூத்திருக்காது, வெந்திருக்கும். ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரி, இருட்டு, அசைவின்மை, 60 முதல் 75 சதவீத ஈரப்பதம். உங்கள் ஊர் அலமாரியில் வருடத்தில் பாதி நாள் 30 டிகிரிக்கு மேல். பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் கைக்கணக்கு. ஆனால் எல்லா வினையும் ஒரே விகிதத்தில் வேகமெடுக்காது. பழுப்பேறும் வினைகள் முந்திக்கொள்ளும், நிதானமாக உருவாக வேண்டிய வாசனை பின்தங்கும். ஆகவே “சூட்டில் வைத்தால் சீக்கிரம் மூத்துவிடும்” என்ற கணக்கும் சரிவராது. இரவு ஏசி, பகல் வெக்கை என்றால் இன்னும் மோசம். ஒயின் விரிந்து சுருங்கும்போது தக்கையைத் தள்ளித் தள்ளி இழுக்கும்.

இரண்டாவது விஷயம், சாதாரண போர்தோ என்ற பெயரோடு வரும் பெரும்பாலான ஒயின் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் குடிக்கத்தான் செய்யப்படுகிறது. நல்ல நிலவறையிலும் அது இப்போது இறங்குமுகமாகவே இருந்திருக்கும். நாசிக் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

திறந்து பாருங்கள், நட்டமில்லை. தக்கை வெளியே பிதுங்கியிருக்கிறதா, உறைக்குக் கீழே ஒட்டும் கசிவு இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். இரண்டும் இருந்தால் கோப்பையை எடுக்காமல் நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடலாம்.

ஏலப் பட்டியலில் 1989 சேன்-எஸ்தெஃப் போர்தோ ஒன்று “மிட் ஷோல்டர்” என்ற குறிப்போடு வந்திருக்கிறது. விலை மலிவு. வாங்கலாமா?
— சிங்கப்பூர்

அந்தக் குறிப்பு பாட்டிலில் ஒயின் நிற்கும் மட்டத்தைச் சொல்கிறது. போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு என்பதால் கழுத்து, கழுத்தின் அடி, தோளின் உச்சி, தோளின் நடு, தோளின் கீழ் என்று படிப்படியாகப் பிரிப்பார்கள். முப்பது சொச்சம் வயதில் கழுத்தின் அடியோ தோளின் உச்சியோ இருந்தால் இயல்பு. நடுத்தோள் என்றால் தக்கை தளர்ந்திருக்கிறது, இடத்தைக் காற்று பிடித்திருக்கிறது. நூறு வயது பாட்டிலில் மன்னிக்கலாம், 1989இல் மன்னிக்க முடியாது. மலிவு என்பதற்கே காரணம் அதுதான்.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. அறுபது எழுபது வயது பாட்டில் கழுத்து முட்ட நிறைந்திருந்தால், தக்கை மாற்றி மேலூற்று ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்குப் பதிவு இல்லையென்றால் போலியாகவும் இருக்கலாம். கழுத்துக்குப் பின்னால் விளக்குப் பிடித்து எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள், நிறம் தெரியும். பர்கண்டிப் பாட்டிலுக்குத் தோள் இல்லாததால் தக்கைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்றே எழுதுவார்கள்.

எட்டு வயது பரோலோவின் விளிம்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. கெட்டுவிட்டதா?
— சென்னை

இல்லை. நெபியோலோ திராட்சையின் சுபாவம் அது. இளமையிலேயே வெளுத்து ஆரஞ்சடிக்கும். பரோலோ சட்டப்படி 38 மாதம் கழித்துத்தான் கடைக்கு வருகிறது, அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். வாயில் வைத்துப் பாருங்கள், துவர்ப்பு ஈறைப் பிடித்து உலுக்கும். நிறத்தை வைத்து வயது சொல்லும் பழக்கத்தைக் கபர்னேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூத்த சிவப்பு ஒயினோடு மட்டன் சுக்கா பொருந்துமா?
— காரைக்குடி

சுக்காவுக்கு ஒயின் பொருந்தலாம், இந்த ஒயினுக்குச் சுக்கா பொருந்தாது. மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் சூட்டைக் கூட்டும். மென்மையான வாசனை எதுவும் அதன் முன் நிற்காது. போயாக் ஊரிலேயே இதற்குத் துணை இளம் ஆட்டுக்குட்டி ரோஸ்ட். உப்பு, கொஞ்சம் பூண்டு, அவ்வளவே. வெண்ணெயில் வதக்கிய காளான் நன்றாகப் போகும். பாலாடைக்கட்டி என்றால் கோம்தே போன்ற கெட்டி ரகம். ஒழுகும் ரகமும் நீலப்பூஞ்சண ரகமும் ஒயினை விழுங்கிவிடும்.

மூத்த ஒயின் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. பழைய போர்தோவுக்குக் கொடுக்கப் பணமில்லை. வேறு வழி?
— ஜூரிக்

ஸ்பெயினின் ரியோஹா. ‘கிரான் ரெசெர்வா’ என்று சீட்டில் இருந்தால் அறுவடையிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்திருக்கும், அதில் இரண்டு ஆண்டாவது ஓக் பீப்பாயில். காத்திருக்கும் வேலையைத் தயாரிப்பாளரே செய்துவிடுகிறார். ஹாரோ ஊரில் 1877இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா போன்ற பழைய ஒயின் நிறுவனங்கள் சட்டம் கேட்பதைவிட இன்னும் பல ஆண்டுகள் வைத்திருந்தே விற்கின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். பீப்பாயில் மூப்பதும் பாட்டிலில் மூப்பதும் ஒன்றல்ல. ரியோஹாவில் அமெரிக்க ஓக் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. தேங்காய், வனிலா வாசனை அங்கிருந்து வருவது. அது வயதின் வாசனை என்று நினைத்துவிடக் கூடாது. அதே தயாரிப்பாளரின் இளம் ‘கிரியான்சா’ ஒன்றையும் வாங்கிப் பக்கத்தில் ஊற்றுங்கள். இளையதை முதலிலும் மூத்ததைப் பிறகும் சுவைத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் வயதின் வேலை. இரண்டும் ஒரே சூட்டில், ஒரே வடிவக் கோப்பையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது கோப்பையையாக இருக்கும். துப்புவதற்கு ஒரு குவளை வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது சுற்றில் நாக்கு பொய் சொல்லத் தொடங்கும்.

பாதி மிஞ்சினால் என்ன செய்வது?
— கோலாலம்பூர்

வண்டல் இல்லாத ஒயினை 375 மி.லி. பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இளம் ஒயின் என்றால் மூன்று நாள் தாங்கும். இருபது வயது தாண்டியதை மறுநாள் மாலைக்குள் முடித்துவிடுங்கள்; எடுத்து அரை மணி வெளியில் வைத்துவிட்டுக் குடியுங்கள். வண்டலோடு நின்ற கடைசி 50 மி.லி.யை வடிகட்டி இறைச்சிக் குழம்பு கொதிக்கும்போது ஊற்றலாம்.